கும்பாபிஷேகத்தன்று பாதியில் நின்ற லென்ஸ்: சின்ன ஜூம் கேமரா வாங்கப் போகிறவர்களுக்கு

கைப்பைக்குள் அடங்குகிற ஜூம் கேமரா ஒன்று வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாங்குவதற்கு முன்னால் நானும் கிடைத்ததை எல்லாம் தேடிப் படித்தேன். எத்தனை மடங்கு ஜூம், எத்தனை மெகாபிக்சல், 4கே வீடியோ வருமா என்பதையெல்லாம் எல்லாரும் விரிவாகச் சொல்லியிருந்தார்கள். லென்ஸ் பாதியில் நின்றுவிட்டால் என்ன ஆகும், அதைச் சரிசெய்ய எவ்வளவு கேட்பார்கள், வாரண்டி எதற்கெல்லாம் வராது என்று ஒருவரும் சொல்லவில்லை. யாராவது சொல்லியிருந்தால் ஏறக்குறைய 12 ஆயிரம் ரூபாயும் ஒரு கோடை விடுமுறையும் எனக்கு மிஞ்சியிருக்கும்.

நான் கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். லீவு கிடைத்தால் கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பங்களைப் படம் எடுத்து வந்து வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டுவது பழக்கம். பல வருடம் போனிலேயே எடுத்தேன். கீழே இருக்கிற சிற்பத்துக்கு அது போதும். ஆனால் தஞ்சாவூர் பெரிய கோயில் விமானம் சுமார் 216 அடி உயரம். பிரகாரத்தில் நின்று போனில் ஜூம் செய்தால் மேல் நிலைகளில் இருக்கிற உருவங்கள் கரைந்த மாதிரிதான் வரும். வடபுறத்தில் தொப்பி போட்ட ஐரோப்பியர் என்று கைடுகள் காட்டுவார்களே, அந்த உருவத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, 1010இல் கட்டி முடித்த கோயிலில் இது எப்படி வந்திருக்கும் என்று அவர்களையே பேசவைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. பெரிய கேமராவும் நீள லென்ஸும் வாங்கினால் லட்சத்தைத் தாண்டும், தூக்கிக்கொண்டு பஸ்ஸில் அலையவும் முடியாது. அதனால் ஒரு தீபாவளி தள்ளுபடியில் 34,500 ரூபாய்க்கு 30 மடங்கு ஜூம் உள்ள சின்ன கேமரா ஒன்றை வாங்கினேன். கடையில் ஒழுங்கான பில், இரண்டு வருட வாரண்டி, எல்லாம் சரியாகவே இருந்தது. பிராண்ட் பெயரைச் சொல்லவில்லை, ஏனென்றால் நான் சொல்லப் போவது இந்த வகைக் கேமராக்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதல் சில மாதங்கள் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தேன், அதை மறைக்க மாட்டேன். நின்ற இடத்திலிருந்து நகராமல், ஜூம் இல்லாத 24 மி.மீ.யில் முழு விமானத்தையும் எடுக்கலாம், அப்படியே 720 மி.மீ. வரை நீட்டி, விமானத்தில் லாட வடிவில் இருக்கிற கூடு அலங்காரம் ஒன்றை மட்டும் எடுக்கலாம் (இந்த மி.மீ. எண் ஏற ஏறத் தூரத்துப் பொருள் கிட்டத்தில் தெரியும்). 60 மீட்டர் தள்ளி நின்றாலும் முழு ஜூமில் சுமார் 3 மீட்டர் அகலம்தான் படத்துக்குள் வரும், அப்படியென்றால் மேல் நிலையில் இருக்கிற ஒரு பூதகணத்தின் முகத்தைப் பார்த்துவிடலாம். தாராசுரம் போனபோது வேறொரு நன்மை தெரிந்தது. அங்கே கருவறையின் அடிப்பகுதியில் நாயன்மார் கதைகளைச் சின்னச் சின்னப் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். இந்த வகைக் கேமராவை ஜூம் செய்யாமல் வைத்துக்கொண்டால் சில சென்டிமீட்டர் கிட்டத்தில்கூட ஃபோகஸ் பிடிக்கும். உள்ளே படத்தைப் பதிவு செய்கிற சென்சார் சின்னது என்பதால் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற கையும் பின்னால் இருக்கிற மடிப்பும் சேர்ந்தே தெளிவாக வரும். பெரிய கேமராக்காரர்கள் பின்னணி மங்கலாகத் தெரிவதை அழகு என்பார்கள், ஆனால் சிற்பத்தைப் பதிவு செய்கிறவர்களுக்கு முழு ஆழமும் தெளிவாக இருப்பதுதான் வேண்டும். அப்புறம் இன்னொன்று, கையில் சின்ன கேமரா இருந்தால் கோயிலில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஸ்டாண்டு இல்லை, பெரிய பை இல்லை, எந்தக் குருக்களும் ஓதுவாரும் நம்மைப் பார்த்துச் சங்கடப்படுவதில்லை.

குறைகள் மெதுவாகத்தான் தெரிய வந்தன. முதலில் வெளிச்சம். இந்தக் கேமராக்களில் பெரும்பாலும் 1/2.3 இஞ்ச் என்கிற சென்சார்தான் இருக்கும், அதன் உண்மை அளவு சுமார் 6.2 மி.மீ.க்கு 4.6 மி.மீ. இன்றைக்கு நல்ல போன்கள் பலவற்றில் முதன்மைக் கேமராவின் சென்சார் இதைவிடப் பெரிது. போன் பல படங்களைக் கண் இமைக்கும் நேரத்தில் அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்த்தும் கொடுக்கிறது. அதனால் ஜூம் செய்யாத படத்தில், அதுவும் மண்டபத்துக்குள், என் போன் படம்தான் ஒவ்வொரு முறையும் நன்றாக இருந்தது. 34 ஆயிரம் கொடுத்துவிட்டு இதைப் பார்க்கும்போது வயிறு எரியும், எனக்கும் எரிந்தது. கூடவே, ஜூம் செய்யச் செய்ய லென்ஸுக்குள் வருகிற வெளிச்சம் குறைந்துகொண்டே போகும். லென்ஸின் திறப்பைச் சொல்கிற எஃப் எண் ஏற ஏற வெளிச்சம் குறைவு என்று அர்த்தம். அகலக் கோணத்தில், அதாவது ஜூம் இல்லாமல், எஃப் 3.3 பக்கத்தில் ஆரம்பிக்கிற லென்ஸ் முழு ஜூமில் 6.4, 6.9 என்று ஆகிவிடும், கிட்டத்தட்ட கால்வாசி வெளிச்சம்தான் மிஞ்சும். அதை ஈடுகட்டக் கேமரா, வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவை 1600, 3200 என்று ஏற்றும், படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும், அதை மறைக்க மென்பொருள் பூசி மெழுகும், கடைசியில் கல்லின் சொரசொரப்பே போய்விடும். சாயரட்சை நேரத்தில் ஒரு சுவாமி புறப்பாட்டை ஜூம் போட்டு எடுத்தேன், உற்சவர் முகம் மெழுகு பொம்மை மாதிரி வந்திருந்தது. மகளின் அரங்கேற்றத்தை எடுக்கவோ கல்யாண மண்டபத்தில் பின் வரிசையிலிருந்து எடுக்கவோ இதை வாங்கலாம் என்று நினைத்தால், தயவுசெய்து வேண்டாம்.

பெட்டியில் போட்டிருக்கிற 60 மடங்கு, 120 மடங்கு என்பதையும் நம்ப வேண்டாம். லென்ஸ் தானாகச் செய்கிற ஜூம் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள், மீதியெல்லாம் எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான், அதை நாம் கம்ப்யூட்டரிலும் செய்துகொள்ளலாம். வாங்கிய அன்றே மெனுவில் டிஜிட்டல் ஜூமை அணைத்துவிடுங்கள். முழு ஜூமில் 20 மெகாபிக்சலுக்கான விவரமும் கிடைக்காது. எஃப் 6.4இல் ஓர் ஒளிப்புள்ளி சென்சாரில் விழும்போது அதன் அகலம் 8 மைக்ரானை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டிவிடும், இந்தச் சென்சாரில் ஒரு பிக்சலோ சுமார் 1.2 மைக்ரான்தான். ஒரு புள்ளி பல பிக்சல்களில் பரவினால் அது மங்கலாகத்தானே தெரியும். எவ்வளவு நல்ல கம்பெனி லென்ஸ் ஆனாலும் இதை மாற்ற முடியாது. எனக்குத் தெரிந்தவரை முழு ஜூமுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திக்கொண்டால் படம் பரவாயில்லாமல் இருக்கிறது. வெயில் ஏறிய பிறகு இன்னொரு தொல்லை வரும். கல் பிரகாரம் சூடாகி மேலே எழும் அனல்காற்று ஜூம் படத்தை அலையடிக்க வைக்கும், கேமராவில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வோம். நீள ஜூம் படங்களைக் காலை ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. அந்த நேரத்தில்தான் பின்னால் இருக்கிற திரையும் கண்ணுக்குத் தெரியும். கண்ணில் வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டர் இல்லாத மாடலாக இருந்தால் உச்சி வெயிலில் எதை எடுக்கிறோம் என்றே தெரியாது. வியூஃபைண்டர் உள்ள சின்ன கேமராக்கள் குறைந்துகொண்டே வருகின்றன. பானசோனிக் 2025இல் கொண்டுவந்த டிஇசட்99 மாடலிலேயே, முந்தைய டிஇசட்95இல் இருந்த வியூஃபைண்டரை எடுத்துவிட்டார்கள். கிடைக்கிற இடத்தில் அது உள்ள மாடலைப் பாருங்கள்.

இதெல்லாம் தெரிந்தும் நான் அந்தக் கேமராவோடு சமாதானமாகத்தான் இருந்தேன். என்னை உலுக்கியது அடுத்து வந்ததுதான். தை மாதத்தில் எடுத்த படங்களை வகுப்பில் பெரிய திரையில் போட்டபோது வானத்தில் ஒரே இடத்தில் மங்கலான கறுப்புப் புள்ளி ஒன்று இருந்தது. பறவையோ என்று ஒரு பையன் கேட்டான். அடுத்த படத்திலும் அதே இடத்தில் இருந்தது. ஜூம் இல்லாத படத்தில் தெரியவில்லை, ஜூம் செய்யச் செய்யத் தெளிவானது. முன்கண்ணாடியை எவ்வளவு துடைத்தும் போகவில்லை. அது லென்ஸுக்கும் பின்னால், சென்சாரின் மேலேயே உட்கார்ந்திருக்கிற தூசி என்பது பிறகுதான் தெரிந்தது. இந்த லென்ஸ் ஒவ்வொரு முறை நீளும்போதும் துருத்தி மாதிரி வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது, காற்றோடு தூசியும் போகிறது. லென்ஸைக் கழற்றுகிற பெரிய கேமரா என்றால் சென்சாரை நாமே சுத்தம் செய்யலாம், ஸ்டுடியோவில் கொடுத்தாலும் செய்து தருவார்கள். இதில் கேமராவையே பிரித்தால்தான் அங்கே போக முடியும், வெளியாள் பிரித்தால் வாரண்டி போச்சு. வாங்குகிறவர்களிடம் யாரும் சொல்லாத பெரிய பலவீனம் இதுதான். எந்த ஜூமுக்காக இதை வாங்குகிறோமோ அதே ஜூம்தான் இதற்குள் தூசியைக் கொண்டுபோகிறது.

சித்திரையில் அம்மா ஊர்ச் சிவன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வருவது, சாரம் கட்டி வேலை நடந்த மாதங்கள் முழுக்க அம்மாவுக்கு அதே பேச்சுதான். முழங்கால் வலியால் அவரால் கூட்டத்துக்குள் வர முடியாது, நான் பக்கத்தில் எடுத்து வந்து காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன். யாகசாலையிலிருந்து கடங்கள் புறப்பட்டு மேலே ஏறின, கூட்டம் முழுக்க அண்ணாந்து கருடன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு கருடன்கள் கலசத்துக்கு மேலே வட்டமிட்டன. ஜூமை நீட்டினேன். பாதியில் கர்ர் என்று ஒரு சத்தம், லென்ஸ் நின்றுவிட்டது, அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள் என்று திரையில் வந்தது. அணைத்தால் உள்ளேயும் போகவில்லை. பேட்டரியைக் கழற்றிப் போட்டேன், அதே சத்தம், அதே செய்தி. சுற்றிலும் அத்தனை பேரும் சிவ சிவா என்று கும்பிட்டுக்கொண்டிருக்க, நான் நீட்டிக்கொண்டிருக்கிற லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிற நிலையில் நின்றேன். அண்ணன் மகன் போனில் வீடியோ எடுத்திருந்தான், அதில் கருடன் ஒரு புள்ளிதான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, நல்லா இருக்கு என்றார். அவர் அப்படிச் சொன்னது இன்றைக்கும் மனதில் கிடக்கிறது.

அப்படி லென்ஸ் நின்றுவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த நேரத்தில் தேடினால் பக்கவாட்டில் தட்டு, கையால் இழு என்றுதான் வீடியோக்கள் வரும். அதையெல்லாம் செய்ய வேண்டாம். லென்ஸை நகர்த்துவது ஒரு குட்டி மோட்டாரும் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பல்சக்கரங்களும்தான். கையால் இழுத்தால் பல் உடையும், உடைந்த அடையாளத்தைப் பார்த்தால் சர்வீஸில் அடிபட்டது என்று எழுதிவிடுவார்கள். ஒரு தடவை பேட்டரியை எடுத்துப் போட்டுப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் திரும்பத் திரும்ப ஆன் செய்யாதீர்கள், ஒவ்வொரு முறையும் மோட்டார் முட்டி மோதிப் பார்க்கும். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, லென்ஸ் நீட்டிக்கொண்டிருக்கிற நிலையிலேயே நாலாபக்கமும் போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், திரையில் வருகிற பிழைச் செய்தியையும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் போனில் எடுத்துவைத்த அந்தப் படங்கள் பின்னால் எனக்கு ரொம்ப உதவின.

கும்பகோணத்தில் அந்தக் கம்பெனிக்குச் சர்வீஸ் இல்லை. திருச்சியில் இருப்பது வாங்கி அனுப்புகிற இடம் மட்டும்தான், பழுது பார்ப்பது சென்னையில். திருச்சிக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு வாரம் கழித்து ஃபோன் வந்தது. "மேடம், இது டஸ்ட் என்ட்ரி. வாரண்டில வராது. லென்ஸ் யூனிட் முழுசா மாத்தணும், 14,600 ஆகும். வேண்டாம்னா எஸ்டிமேட் சார்ஜ் 590 கட்டிட்டு வாங்கிக்கலாம்" என்றார் அந்தத் தம்பி. உள்ளே தூசி புகாமல் இருக்க எந்த ஏற்பாடும் இல்லாத கேமராவைச் செய்துவிட்டு, தூசி புகுந்தது உங்கள் பொறுப்பு என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். அது கம்பெனி விதி மேடம் என்பதோடு பேச்சு முடிந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் பணத்துக்காக மட்டும் இல்லை. கீழே போடவில்லை, தண்ணீர் படவில்லை, தினமும் துடைத்து உறையில் வைத்த பொருள்.

நேரில் போய் நின்று என்ன தூசி என்று காட்டச் சொன்னேன். சென்னையிலிருந்து அனுப்பிய படத்தில் லென்ஸ் குழாய்களுக்கு நடுவில் வெள்ளையாக, மாவு மாதிரி ஏதோ இருந்தது. விபூதி. ஒவ்வொரு சன்னதியிலும் விபூதி வாங்கி இட்டுக்கொள்கிறோம், மீதியைத் தாளில் மடித்துப் பையில் வைக்கிறோம், அதே கையால் கேமராவை எடுக்கிறோம். கோயிலுக்குப் போகிற எல்லாரும் செய்வதுதான். கடற்கரை மணல் ஆபத்து என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் மணலைவிட நைசான விபூதியும் கோலமாவும் எந்த இடுக்கிலும் போய்விடும், அதை நம் ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால்தான் உண்டு. கோயிலுக்குக் கொண்டுபோகிறவர்கள் கேமராவுக்கென்று தனியாகக் கெட்டியான, ஜிப் வைத்த உறை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய துணிப்பை போதாது, ஏனென்றால் பைக்குள் நெருக்கத்தில் பொத்தான் அமுங்கிக் கேமரா தானாக ஆன் ஆகி, லென்ஸ் வெளியே வர இடமில்லாமல் முட்டினாலும் இதே பழுதுதான் வரும். பிரசாதம் வேறு பையில் இருக்கட்டும். கையை ஈரத் துணியில் துடைத்துவிட்டுத் தொடுங்கள். லென்ஸை உள்ளே விடுவதற்கு முன்னால், நீண்டிருக்கும் நிலையிலேயே குழாயின் பக்கங்களை மென்மையான பிரஷால் தட்டிவிடுங்கள், இல்லையென்றால் மேலே ஒட்டியிருப்பது அப்படியே உள்ளே போகும். ரப்பர் புளோயரால் ஊதலாம், ஆனால் இடுக்கைப் பார்த்து நேராக ஊதக் கூடாது, வாயாலும் ஊதக் கூடாது.

பணத்தைக் கட்டிவிடு, போகட்டும் என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வாரண்டி அட்டையில் எந்த வரியின்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். அதற்குப் பதில் வராமல் நாள் ஓடியது. பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்தேன். பில், சீரியல் நம்பர், நான் எடுத்து வைத்த படங்கள், மின்னஞ்சல் எல்லாம் கையில் இருந்ததால் பதிவது சுலபமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் கம்பெனியிலிருந்து வேறொருவர் பேசினார். வாரண்டி கிடையாது என்பதில் மாறவில்லை, ஆனால் கூலியை விட்டுவிட்டு 11,200க்குச் செய்து தருகிறோம் என்றார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாமா என்றும் யோசித்தேன். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை, பிரச்சினை வந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். போகிற தெம்பு இருப்பவர்கள் போகலாம். எனக்குக் கேமரா வேண்டியிருந்தது, கட்டினேன். திருச்சி போக்குவரத்தையும் சேர்த்தால் 12 ஆயிரத்தைத் தாண்டியது. கேமரா கைக்கு வந்தபோது ஜூன் பாதி போயிருந்தது, பள்ளியும் திறந்துவிட்டது.

அந்த விடுமுறை போனதுதான் எனக்கு அதிக வருத்தம். தஞ்சாவூர் வடக்குச் சுவரில் வருடத்தின் பெரும்பகுதி நேர் வெயில் விழுவதில்லை, நிழலிலேயே இருக்கும். மே முதல் ஜூலை வரை சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து போகும்போதுதான் அந்தப் பக்கத்துச் சிற்பங்களில் சாய்வெளிச்சம் விழுந்து புடைப்பு தெரியும். சின்ன சென்சார் கேமராவுக்கு அந்த வெளிச்சம் ரொம்பவே தேவை. அந்த மே முழுவதும் கேமரா சென்னையில் ஏதோ ஓர் அலமாரியில் கிடந்தது.

இப்போது வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, கடையில் முதல் கேள்வியாக லென்ஸ் யூனிட் மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாது, அதனால் சர்வீஸ் சென்டருக்கே ஃபோன் செய்து மாடலைச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதையும் சேர்த்து விலையை எண்ணிப் பாருங்கள். உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரத்தில் உண்மையான பழுது பார்க்கும் இடம் இருக்கிறது என்றும் கேளுங்கள். இணையத்தில் ஆயிரம், இரண்டாயிரம் குறைவாகக் கிடைப்பது பல நேரம் கம்பெனி வழியாக வராத இறக்குமதிப் பொருள், இந்திய வாரண்டி இருக்காது, விற்பவர் வாரண்டி என்று போட்டிருப்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பில்லில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும். திருப்பிக் கொடுக்க அனுமதிக்கிற நாட்களுக்குள் ஒரு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, ஜூம் இல்லாமல், பாதி ஜூமில், முழு ஜூமில் என்று எடுத்து நாலு மூலையும் ஒரே தெளிவாக இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கலாக இருந்தால் லென்ஸ் கோணலாகப் பொருந்தியிருக்கிறது, உடனே மாற்றிவிடுங்கள். முழு ஜூமில் தெளிந்த வானத்தையும் எடுத்துப் பாருங்கள், புதிதிலேயே புள்ளி இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

பழைய கேமரா வாங்குகிறவர்களுக்கு இந்த வானப் பரிசோதனை இன்னும் முக்கியம். இப்போது பழைய சின்ன கேமராக்களுக்கு இளைஞர்களிடம் திடீர் மவுசு, விலையும் ஏறியிருக்கிறது. ஆனால் உதிரிப்பாகம் கிடைப்பது ஏறவில்லை. லென்ஸைக் கழற்ற முடியாத வகை டிஜிட்டல் கேமராக்கள் 2010இல் உலகம் முழுக்க 10 கோடிக்கு மேல் விற்பனைக்கு அனுப்பப்பட்டன, 2023இல் அது 20 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. போன்கள் அந்தச் சந்தையையே எடுத்துக்கொண்டன. செய்வதே குறைந்துவிட்டால் பழைய மாடலுக்கு லென்ஸ் யூனிட் எங்கே கிடைக்கும்? பழையது வாங்கினால், லென்ஸ் நின்றால் தூக்கிப் போடுகிற விலைக்கு வாங்குங்கள். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துச் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை இருந்தால் வேண்டாம். நம் ஊர் ஈரக் காற்றில் அது சுலபமாக வரும். புதுக் கேமராவையும் அடுக்களை டப்பா மாதிரி காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், வாரம் ஒரு முறை எடுத்து ஜூமை ஓட்டுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் வேறு எதை வாங்கியிருக்கலாம் என்று யோசித்தால் பதில் ஒன்றாக இல்லை. 1 இஞ்ச் சென்சார் உள்ள சின்ன கேமராக்கள் இருக்கின்றன, அவற்றின் சென்சார் பரப்பு சாதாரண ஜூம் கேமராவைப் போல நாலு மடங்கு. சோனி ஆர்எக்ஸ்100 வரிசையின் ஏழாவது மாடல் 200 மி.மீ. வரை போகும், பானசோனிக் டிஇசட்200 போனது 360 மி.மீ. வரை. படம் கண்டிப்பாக மேல், விலையும் இரண்டு மூன்று மடங்கு, லென்ஸ் நீளுவதும் உள்ளே போவதும் அதே மாதிரிதான், தூசி பயமும் அதேதான். தூரத்துப் பறவைகளுக்கென்றே வாங்குகிறவர்கள் நிகான் பி950 மாதிரி பெரிய உடம்புக் கேமராவைப் பார்க்கலாம், 2000 மி.மீ. வரை இழுக்கும், ஆனால் ஒரு கிலோ எடை, கைப்பைக்குள் போகாது. பகல் வெளிச்சத்தில், தூரத்தில், அசையாமல் இருக்கிற பொருளை எடுக்கிறவர்களுக்கு, கோபுரச் சிற்பம், மலைக்கோயில், நிலா, மரத்தில் உட்கார்ந்திருக்கிற கொக்கு என்று எடுக்கிறவர்களுக்கு, இந்த விலையில் சின்ன ஜூம் கேமராவைவிட நல்லது இல்லை என்றுதான் இன்னும் நம்புகிறேன். வீட்டு விசேஷம், குழந்தைகள், இரவு என்று எடுக்கிறவர்கள் அந்தக் காசை நல்ல போனில் போடுங்கள்.

பழுது பார்த்த கேமராவைத் திரும்ப வாங்கும்போது கவுன்டரிலேயே ஆன் செய்து, ஜூமைக் கடைசிவரை ஓட்டி, வெள்ளைத் தாளை ஒன்று, வெளியே வந்து வானத்தை ஒன்று என்று எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். மாற்றிய லென்ஸுக்குத் தனியாக 90 நாள் உத்தரவாதம் என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டேன், கேட்டதால்தான் எழுதினார்கள். ஜூலையில் ஒரு ஞாயிறு காலையில் தஞ்சாவூர் போய் வடபுறத்தை எடுத்தேன். ஐஎஸ்ஓ 400ஐத் தாண்டாமல் கட்டி வைத்து, வானத்தின் வெளிச்சத்தில் கல் கறுத்துவிடாமல் இருக்க வெளிச்சத்தை ஒரு படி கூட்டி, திருச்சுற்று மாளிகைத் தூணில் கேமராவைச் சாய்த்து, இரண்டு விநாடி டைமரில் எடுத்த படத்தில் தொப்பிக்காரர் தெளிவாக வந்திருக்கிறார். கேமரா மெருகேற்றாத ரா கோப்பாகவும் சேர்த்து எடுத்துவைத்தேன். ஒன்பதாம் வகுப்புக்கு அடுத்த வாரம் அதைத்தான் காட்டப் போகிறேன்.